பதின்மூன்றாவது பல்சக்கரம்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

நலம்தானே? இப்படித் தொடங்கலாமா கூடாதா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வேறு எப்படித் தொடங்குவது என்று டீயும் சொல்லவில்லை. நீயும் என் மகனும் பிரிந்து, நீ வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்ச் சில மாதங்கள் ஓடிவிட்டன. வழக்கு முடிகிறவரை நீ என் மருமகள்தான். முடிந்த பிறகு என்ன என்பதைச் சட்டம் படித்தவர்கள் யோசிக்கட்டும்.

பயப்படாதே, சமாதானத் தூது வரவில்லை. உங்கள் இரண்டு பேர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், சொன்ன சொல் சொன்னதுதான். எனக்கு ஒரு சந்தேகம், அது உன் தொழில் சம்பந்தப்பட்டது. வேறு யாரைக் கேட்பேன்?

நேற்றுப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம். ரோடு சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மட்டும் பன்னிரண்டு பல்சக்கரமாம். உங்கள் கம்பெனி பதின்மூன்று போடப்போகிறது என்று பல் டாக்டர் வேறு சொல்கிறார். (நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைச் சவாரிக்கு எனக்குத் துணை அவர்தான். பன்னிரண்டு போட்ட புது வண்டி வாங்கி, அதற்குப் பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்கிறார்.) நான் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். பஸ் நிறைய ஜனம், அவர்கள் மூட்டை முடிச்சு, ஒருவர் மடியில் ஒருவராகக் குழந்தைகள், இத்தனையையும் மேடேற்றிய என் பஸ்ஸுக்கு முன்னால் போக ஐந்தே கியர். ஒற்றை ஆளைச் சுமக்கிற சைக்கிளுக்கு எதற்கம்மா இத்தனை? உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா, இல்லை, கடைக்காரன் பிழைக்கவா?

போனில் கேட்டிருக்கலாம். வீட்டில் போன் பேசினால் சுவருக்கெல்லாம் கேட்கும். தவிர, உன் குரலைக் கேட்டால் நான் கியரை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசித் தொலைப்பேன். எழுதினால் அடித்துவிடலாம்.

உன் மாமா

-

பிப்ரவரி 17

அன்புள்ள மாமா,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிட்டேன். மாடிப்படியில் நின்றபடியே பிரித்தேன். படித்து முடித்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்து அறைப் பெண் எட்டிப்பார்த்து, "என்னங்க, நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்றாள். "கியர் சேதிங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல்சக்கரம் கூடினால் வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏணியின் உயரம் அதேதான். படிகளை இன்னும் நெருக்கி அடிக்கிறோம், அவ்வளவுதான். கூட்டமாக, காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகிறவர்களுக்கு அது உதவும். கால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கொஞ்சம் கனமானாலும் கொஞ்சம் லேசானாலும் தாளம் தப்பிவிடும். மற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நெருக்குவதற்கு விலையும் உண்டு. சக்கரத்துக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் இடம் வளராது. அதே இடத்தில் இன்னொன்றைச் சொருக எல்லாவற்றையும் மெலிதாக்குகிறோம். செயினும் மெலியும், சீக்கிரம் தேயும். மயிரிழை விலகினால் கடகடவென்று கத்தும்.

இதையெல்லாம் நான் எழுதுவதுதான் வேடிக்கை. அந்தப் பதின்மூன்றாவது பல்சக்கரத்தை வரைகிற வேலை என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் கம்பெனிப் பெரியவர்கள் கூட்டத்தில், அது தேவையா இல்லையா என்று நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனக்கே இன்னும் தெளியவில்லை. ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வண்டியிலும் டாக்டர் வண்டியிலும் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, எது பளபளவென்று இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். மனிதர் மறைத்தாலும் பல் மறைக்காது.

இன்னொன்று. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுத உட்காருகிற ஆளா நீங்கள்? உண்மையைச் சொல்லுங்கள், மாமா. என்ன விஷயம்?

அன்புடன்,
உங்கள் இன்ஜினியரம்மா

-

பிப்ரவரி 26

அன்புள்ள மருமகளுக்கு,

உன்னிடம் எதையும் ஒளிக்க முடியாது. சரி, முதலில் நீ கேட்டது.

டாக்டரிடம் சொன்னதும் மனிதர் கிளினிக்கிலிருந்து அந்தக் குட்டிக் கண்ணாடியையும் கொக்கி ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வண்டியையும் தலைகீழாக நிறுத்தி, "ஆ காட்டு" என்று சொல்லாத குறையாக ஒவ்வொரு பல்லாகச் சோதித்தார். அவர் வண்டியில் நடுவில் நாலு பல்சக்கரம் மட்டும்தான் உழைத்திருக்கின்றன. சின்னது மூன்றும் வாங்கின அன்றைக்கு இருந்தபடியே முகம் பார்க்கலாம் போல மின்னுகின்றன. "அப்ப பன்னெண்டுக்குக் காசு குடுத்து நாலைத்தான் ஓட்டுறேனா?" என்று அவரே நொந்துகொண்டார். பிறகு என் வண்டியின் ஏழு பல்சக்கரத்தையும் பார்த்தார். பெரிய பல்சக்கரத்தில் ஊசியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், இந்தக் கடைவாய்ப்பல் சொத்தை. எடுத்துடணும்."

புரிந்திருக்குமே. இருப்பதிலேயே லேசான கியர் அது. நான் அதிலேயே குடியிருக்கிறேன். தண்ணீர்த்தொட்டி மேடு நினைவிருக்கிறதா, நீயும் நானும் யார் முதலில் என்று பந்தயம் கட்டி ஏறுவோமே? மழை நின்றதிலிருந்து அதை என்னால் ஏற முடியவில்லை. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். டாக்டர் உச்சியில் நின்று, எனக்காகக் காத்திருப்பது தெரியக்கூடாது என்று இல்லாத காட்சியை ரசித்துக்கொண்டிருப்பார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அத்தை போனாள். வேலை ஓய்ந்தது. நீயும் போனாய். இப்போது வாரம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதென்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். என் மகனிடம் சொன்னேன். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அல்லவா, அவனுக்கு மேலே போவதென்றால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். "முடியலைன்னா விட்டுடுங்கப்பா. யாரு உங்களை ஏறச் சொன்னாங்க?" என்றான். அக்கறையில்தான் சொன்னான். ஆனாலும் இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

பன்னிரண்டு போட்ட வண்டி எடுத்தால் பறப்பீர்கள் என்கிறான் கடைக்காரன். பறப்பேனா? மழுப்பாமல் சொல்.

உன் மாமா

-

மார்ச் 5

அன்புள்ள மாமா,

பறக்க மாட்டீர்கள். அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். பஸ்ஸை மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்றுவீர்களா? எஞ்சின் திணறும், வேறொருவன் அப்படி ஏற்றினால் நீங்களே கண்டக்டரிடம், "யாருய்யா இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது?" என்று கேட்பீர்கள். உங்கள் சைக்கிளில் முதல் கியர் என்பதே கிடையாது, மாமா! அது வாலிப வயதுப் பந்தயக்காரனுக்காகப் போட்ட ஏணி, கீழ்ப்படியே இடுப்பு உயரத்தில் இருக்கிறது. உங்கள் கால் மீது ஒரு குற்றமும் இல்லை. இத்தனை நாள் உங்களையே நொந்துகொண்டிருந்தீர்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

உங்களுக்கு வேண்டியது அதிகப் பல்சக்கரம் அல்ல, பெரிய பல்சக்கரம். எண்ணிக்கை ஏழே இருக்கட்டும். கடைசியில் இருப்பது முப்பத்துநாலு பல்லாக இருந்தால் போதும், உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். மெதுவாகத்தான், ஆனால் இறங்காமல். தொழிற்சாலைக் கடையில் வாங்கி இத்துடன் பார்சல் அனுப்பியிருக்கிறேன். புதுப் பல்சக்கரக் கொத்து, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற நீளமான கை, ஒரு புதுச் செயின். விலை கேட்டால் கோபித்துக்கொள்வேன்.

ஒரு குறை இருக்கும். படிகளுக்கு நடுவில் இடைவெளி கூடிவிட்டதால், சமதரையில் ஒரு கியர் கனமாகவும் அடுத்தது லேசாகவும் தோன்றும். முணுமுணுப்பீர்கள். அந்த முணுமுணுப்பை நீக்கத்தான் உலகம் பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கோ முணுமுணுக்கப் பிடிக்கும், அதனால் நஷ்டமில்லை.

நீங்களே மாட்ட உட்காராதீர்கள். உங்கள் மகனிடம் கொடுத்தால் அவர் பொறுமையாக (அடித்துவிட்டேன், அடித்ததைப் படிக்காதீர்கள்) பழுதுபார்க்கிற கடையில் கொடுங்கள்.

அன்புடன்,
இன்ஜினியரம்மா

-

மார்ச் 22

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. பழைய மாதிரி அழைத்து எழுதக் கை வரவில்லை, இனி அழைக்கவே கூடாது என்று நினைத்தால் மனசு ஒப்பவில்லை. அதனால் இப்படித் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னாய். கேட்டேனா? நானும் டாக்டரும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டோம். கொத்தை மாட்டியாயிற்று, கையை மாட்டியாயிற்று. புதுச் செயின் கொஞ்சம் நீளமாக இருந்தது. புதுச் செயின் எப்போதுமே நீளமாகத்தான் வரும், பழையதைப் பக்கத்தில் போட்டு அளந்து வெட்டுவதுதான் வழக்கம் என்று நான் அதிகாரமாகச் சொல்ல, டாக்டர் வெட்டிவிட்டார். பல் பிடுங்கிய கை, தயங்கவே இல்லை. சக்கரம் பெரிதானால் செயினும் நீள வேண்டும் என்கிற ஞானம் இரண்டு கிழவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஏறி உட்கார்ந்து, தெருமுனைவரை போய், முன்னால் மிதிப் பக்கம் இருக்கிற இரண்டில் பெரியது, பின்னாலும் பெரியது என்று கியரைத் தட்டினேன். செயின் விறைத்தது, நீ அனுப்பிய கை மடங்கிச் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது, நான் சாலையில் இருந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. "எலும்பு எனக்கு வராது சார், பல்லு உடைஞ்சிருந்தா சொல்லுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

சத்தம் கேட்டு என் மகன் ஓடிவந்தான். என்னைத் தூக்கி உட்கார வைத்தான். தண்ணீர் கொண்டுவந்தான். அப்புறம் வாசலில் கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"இது அவ கையெழுத்துதானே?"

"ஆமா."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"கியரைப் பத்தி மட்டும்தான்டா எழுதிக்கிறோம்."

"எதைப் பத்தியா இருந்தா என்னப்பா? எல்லாம் முடிஞ்சாச்சு. நாளைக்கு இந்த வீட்டுக்கு ஒருத்தி வரப்போறா. அவ கண்ணுல இந்தப் பெட்டி பட்டா என்ன நினைப்பா? என்னைப் பத்தியும் கொஞ்சம் யோசிங்கப்பா."

ஆமாம், அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இதை என் வாயால் நீ கேட்க வேண்டியிருக்கிறதே என்று நினைக்கும்போது இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. உனக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்கிறான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அவன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை, எனக்கு அதுதான் வலிக்கிறது.

நிறுத்திவிடட்டுமா? நீயே சொல். நீ சொல்கிறபடி கேட்கிறேன்.

மாமா

-

ஏப்ரல் 3

அன்புள்ள மாமா,

எனக்கு வேறு வார்த்தை தெரியாது, அதனால் அப்படியேதான் தொடங்குவேன்.

முழங்கை எப்படி இருக்கிறது? உங்களுக்குச் சூடு பட்டாலும் புத்தி வராது. செயின் தள்ளுகிற புதுக் கை ஒன்றும், வெட்டாத செயின் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன், டாக்டர் வீட்டு விலாசத்துக்கு. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய கல்யாண விஷயம் எனக்குத் தெரியும். கோர்ட் வாசலில் அவரே சொன்னார். "உனக்கு மத்தவங்க சொல்லித் தெரியக்கூடாதுன்னுதான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, மாமா. நானும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி மரியாதையாக இருந்தோம், அது போதவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதவில்லை, மனசார எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்தது. பதின்மூன்று வரத்தான் போகிறது, அதை முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்தும் எழுந்தேன். "படிகளை நெருக்குவதற்காகப் போடாதீர்கள், ஏணியை நீட்டுவதற்காகப் போடுங்கள். பதின்மூன்றாவது வருகிறதென்றால் அது கடைசியில், மேட்டுக்காக வரட்டும். அப்படியானால் அது வீணில்லை" என்றேன். டாக்டர் ஊசி வைத்துப் பார்த்ததையும் சொன்னேன், சிரித்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருக்காகங்க இவ்வளவு பெரிய பல்சக்கரம்? யாரு வாங்குவா?" என்று கேட்டார்.

"எங்க மாமாவுக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். தீர்ப்பு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு விதமாகவும் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன். எனக்கு அப்பா முகம் நினைவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் எதையாவது விட்டுவிட்டு வந்தேன் என்றால் அது உங்களைத்தான். ஆனாலும், நிறுத்திவிடுங்கள், மாமா. புதிதாக ஒரு பெண் வாசல்படி ஏறும்போது அங்கே என் கையெழுத்துப் போட்ட பெட்டி கிடக்கக்கூடாது. நான் அவள் இடத்தில் இருந்தால் எனக்கும் பிடிக்காது. உங்கள் மகன் உங்களிடம் எதையும் கேட்டவர் இல்லை. இதையாவது அவருக்குக் கொடுங்கள்.

மேட்டை ஏறிவிட்டீர்களா என்று மட்டும் டாக்டரைவிட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏறும்போது அவசரப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
இன்ஜினியரம்மா

-

ஏப்ரல் 21

அம்மாடி,

ஏறிவிட்டேன்!

இறங்கவே இல்லை. அடியிலேயே அந்தப் பெரிய பல்சக்கரத்துக்குத் தட்டிவிட்டேன். கால் பாட்டுக்குச் சுற்றியது, வண்டி பாட்டுக்கு ஊர்ந்தது. பாதி வழியில் ஒரு நாய் நடந்தே என்னைத் தாண்டிப் போனது, போகும்போது திரும்பி வேறு பார்த்தது. போடா என்றேன். உச்சியில் டாக்டர் எனக்காக நின்றுகொண்டிருந்தார், இந்தத் தடவை காட்சியை ரசிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச மூச்சில்லாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். இதை ஒரு வரியில் டாக்டர் எப்படி எழுதுவார்? அந்த ஆளுக்கு மருந்துச்சீட்டுத் தவிர வேறு எழுதத் தெரியாது.

நீ சொன்னதைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தேன். கேட்க நினைத்தேன், நிஜமாகத்தான். டாக்டர் வீட்டிலிருந்து உன் பார்சலைத் துண்டில் சுற்றி, சட்டைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்தேன். ஹால் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது. நேராகப் போய்ச் சாப்பாட்டு மேஜையில், அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அவதான் அனுப்பியிருக்கா. எழுத வேண்டாம்னும் அவதான் சொல்றா, உனக்காக. உங்களுக்குள்ள முடிஞ்சதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு, சரி. என்கிட்ட யாருடா கேட்டாங்க? நான் அவளை விவாகரத்துப் பண்ணலையே!"

அவன் சாப்பிட்டான், எழுந்து போய்விட்டான். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் வந்திருந்தாள். அவளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் நானே சொன்னேன், நீ யார், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவோம், இப்போது எதைப் பற்றி எழுதிக்கொள்கிறோம் என்று. ஒளித்து வைத்தால்தானே கோளாறு. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, அந்த அக்கா மாதிரி என்னையும் விடியக்காலைல எழுப்பி மேடு ஏறச் சொல்லுவீங்களா?" என்றாள். மாட்டேன் என்றேன். "அப்பச் சரி" என்றாள். பாதி பயத்தில்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். போகப்போகத் தெரியும், நல்ல பெண்ணாகத்தான் இருக்கிறாள்.

சனிக்கிழமை வேலை விட்டு வந்தவன் உடுப்பைக்கூட மாற்றவில்லை. லிஃப்டுக்குக் கொண்டுபோகிற பையைத் திறந்து, வாசலில் என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் எதையோ எடுத்துக் கொடுக்கப் போனேன். "தொடாதீங்கப்பா, அங்கேயே உக்காருங்க" என்றான். செயினை முன்னாலும் பெரியதில் பின்னாலும் பெரியதில் சுற்றி, விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் வெட்டினான். மிதியைக் கையால் சுற்றிப் பின்னால் உள்ள ஏழு கியரையும் மேலும் கீழுமாக ஓட்டினான். ஒரு சத்தம் இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சரியா உக்காந்துருச்சுன்னு அவகிட்ட எழுதிடுங்க" என்றான்.

எழுதிவிட்டேன்.

பதின்மூன்றோ பதினாலோ, வரைவதை நன்றாக வரை. அடுத்த கடிதத்தை டாக்டர் வீட்டுக்குப் போடாதே, இங்கேயே போடு. வாசலில் நான் இல்லாவிட்டால் அவன் வாங்கி வைப்பான்.

உன் மாமா